எல்லைக்கல்லின் மேல் ஒரு கொட்டகை

1946 அக்டோபர் பத்தொன்பது, சனிக்கிழமை, காலை ஏழேகால் மணி. விடியலிலிருந்தே பிசுபிசுவென்று தூறல். வடகிழக்கில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அரியலூர் ரயில் நிலையத்துச் சாமான் கொட்டகையின் ஓரத்தில் ஓவர்சியர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, குடையை விரிக்காமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். நான் அங்கே ஒண்டியிருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது எனக்குச் சிறுவயது முதல் உள்ள வியாதி. முப்பத்தேழு பேர். சொன்னதும் அவர், "வயித்துல இருக்கிறதச் சேத்தியா தம்பி?" என்றார். அப்போதுதான் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெண்ணைச் சரியாகப் பார்த்தேன். நிறைமாதம். கிணறு வெட்டும் ஒருவரின் மனைவி. கிணறு தோண்டும் ஊரெல்லாம் கணவனோடு நடந்து, வேலை இல்லாத ஐப்பசியில் இங்கே வந்து சேர்ந்திருந்தாள். மற்றவர்களும் அப்படித்தான். நூல் கிடைக்காமல் தறியை விற்றவர்கள், கொள்ளிடக் கரையில் குடிசையைத் தண்ணீருக்குக் கொடுத்தவர்கள். மழைக்காலத்தில் வாந்திபேதி பரவும் என்று, அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நிலையத்தைக் காலி செய்யும்படி மேலிடத்து உத்தரவு. ஸ்டேஷன் மாஸ்டர் அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பெரம்பலூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. ஓவர்சியர் சாலைக்காரர். சாலை எந்த எல்லையிலும் நிற்பதில்லை என்பதால் அரியலூர், பெரம்பலூர் இரண்டு பக்கமும் வேலை பார்த்தவர் அவர் ஒருவர்தான். வீடற்றவர்களுக்கு இருப்பிடம், உணவு, வைத்தியம் மூன்றுக்கும் இரு பகுதிகளுக்கும் பொதுவாக ஒரு திட்டம் எழுதிக் கொடுக்கச் சொல்லி எங்கள் இருவரையும் போட்டிருந்தார்கள். எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இடித்தது. கஞ்சிக்கு ஒதுக்கிய கம்பு மேற்கே, பெரம்பலூர்ப் பக்கத்துக் கிடங்கில் இருந்தது. சண்டை முடிந்தும் தானியக் கட்டுப்பாடு முடியவில்லை. பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டை எல்லை தாண்டக் கூடாது. பெர்மிட் வருவதற்குள் மழையே ஓய்ந்துவிடும். மருத்துவச்சியோ கிழக்கே, அரியலூர்ப் பக்கத்தில். எல்லையைத் தாண்டி அவர் பிரசவம் பார்த்தால் அது அவர் கணக்கில் சேராது. சோறு உள்ள இடத்தில் மருத்துவச்சி இல்லை, மருத்துவச்சி உள்ள இடத்தில் சோறு இல்லை. அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே நான் இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஓவர்சியர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. அவர் பங்குக் கவலையையும் நான்தான் பட்டேன். கட்டையான மனிதர், காக்கி அரைக்கால் சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலை இருக்கும். யோசிக்கும்போது கடலையைத் தோல் நீக்கி எனக்கும் இரண்டு கொடுப்பார். எனக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. மறுத்தால் மனம் நோகும் என்று தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைவேன். அந்தச் சனிக்கிழமையும் அப்படிக் கொடுத்துவிட்டு, "கம்பு இந்தப் பக்கம் வரக்கூடாது. மருத்துவச்சி அந்தப் பக்கம் போகக்கூடாது. அப்ப ஜனந்தான் நடுவுல இருக்கணும்" என்றார். சாலையோரப் புறம்போக்கில் எல்லைக்கல் நட்டிருந்த இடத்தில், கல்லுக்கு இரண்டு பக்கமும் நீளும்படி ஒரே கொட்டகை. அடுப்பு மேற்கு முனையில், பெண்கள் அறை கிழக்கு முனையில். தானியமும் எல்லை தாண்டாது, மருத்துவச்சியும் தாண்டமாட்டார். எழுதிக் கொடுத்தோம். எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதால் இரண்டு பக்கமும் உடனே கையெழுத்துப் போட்டார்கள்.

கட்டும் வேலைக்கு வெளியாள் வேண்டாம், குடியிருக்கப் போகிறவர்களுக்கே கூலி கொடுக்கலாம் என்றதும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமையே ஆண்களும் பெண்களுமாகப் போய் அங்கே சாக்குப் படுதா கட்டிக்கொண்டார்கள். திங்களன்று கல்லிலிருந்து நூல் பிடித்து முளை அடித்தார் ஓவர்சியர். வியாழன் மாலை கூரையில் கடைசிக் கீற்று ஏறியது. சரியான மழை மறுநாள்தான் பிடித்தது. முதல் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கொட்டகையின் நடுவில் கால் நீட்டிப் படுத்த கிணற்றுக்காரர் மனைவி, "அண்ணே, என் தல பெரம்பலூருல கெடக்கு, காலு அரியலூருல கெடக்கு. வவுறு எந்த ஊருன்னு இந்தக் கணக்குப்புள்ளயக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்று மனம் அரித்தது.

திங்கட்கிழமை தானியக் கட்டுப்பாட்டு அதிகாரி பார்வைக்கு வருவதாகத் தகவல் வந்ததும் அந்த அரிப்பு அதிகமாயிற்று. சனிக்கிழமை மழை விட்டபோது, சாலையிலிருந்த பர்லாங்கு கல்லிலிருந்து சங்கிலி போட்டு அளந்தேன். இரண்டாம் முறையும் அளந்தேன். பழைய வரைபடத்தில் இருந்த இடத்துக்கும் கல் இருந்த இடத்துக்கும் எழுபது அடி வித்தியாசம். கல் கிழக்கே நகர்ந்திருந்தது. அப்படியானால் அடுப்பு உட்பட மொத்தக் கொட்டகையும் அரியலூர்ப் பக்கத்தில் நின்றது. பெரம்பலூர்க் கம்பு இரண்டு நாளாக எல்லை தாண்டி வெந்துகொண்டிருந்தது. அதிகாரி கண்டுபிடித்தால் ஓவர்சியர் வேலை போகும். கொட்டகையைப் பூட்டுவார்கள். அந்தப் பெண் நடுச்சாலையில் பிள்ளை பெறுவாள்.

ஓடிப்போய்க் கேட்டேன், இந்தக் கல்லை யார் தொட்டது என்று. அவள் கஞ்சிக் கலயத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள். "அந்தக் கல்லா? வந்த அன்னிக்கே இவங்க நாலு பேரு நெம்பி எடுத்து ஓடைக்குக் கொண்டு போனாங்க. நல்ல பாளக்கல்லு. எல்லாரு அழுக்குத் துணியும் அதுலதான் தொவச்சோம். பொழுது சாயறதுக்குள்ள திருப்பி நட்டுட்டோம்ல. அடுத்தவங்க கல்ல வச்சுக்குவோமா?"

"எடுத்த எடத்துலயே நட்டீங்களா?"

"அங்க தண்ணி நின்னுச்சு. கொஞ்சம் மேடாப் பாத்து நல்லா ஆழமா எறக்கிக் குடுத்தாரு எங்க வூட்டுக்காரரு. இனிமே ஆன கட்டி இழுத்தாலும் வராது."

அவள் கணவன் பெருமையோடு தலையை ஆட்டினான். கல்லை உலுக்கிப் பார்த்தேன்; கிணறு வெட்டுகிறவன் கை, பொய் சொல்லவில்லை.

ஓவர்சியரைக் கல்லடிக்குக் கூட்டிவந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சங்கிலியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். கடலை ஒன்றை எடுத்து உரித்தார். பிறகு சாலையிலேயே குந்தி உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தம்பி, உத்தரவுல என்ன போட்டிருக்கான்?"

"கம்பு எல்லை தாண்டக் கூடாதுன்னு சார்."

"கஞ்சி?"

நான் உத்தரவை மனப்பாடமாக அறிவேன். கஞ்சியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அடுப்பை எழுபது அடி மேற்கே வைத்துக் காய்ச்சி, பானையைத் தூக்கிக்கொண்டு வந்தால் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. அதைவிட, ஆரம்பத்திலேயே பெரம்பலூர்ப் பக்கம் காய்ச்சி வண்டியில் ஏற்றி அரியலூருக்கே அனுப்பியிருக்கலாம். கல்லைத் தேடிப் போனதும், நூல் பிடித்ததும், இரண்டு கையெழுத்து வாங்கியதும் தேவையே இல்லாத வேலை. "ரெண்டு பேரும் படிச்சவங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் மனிதர். என்னாலும் அடக்க முடியவில்லை.

ஆனால் மேற்கே தனியாக ஒரு சமையல் கொட்டகை போடத் திட்டத்தில் பணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சாமான் வாங்கி வந்தேன், அவர்கள் கட்டினார்கள். திங்களன்று அதிகாரி வந்து, கம்பு மூட்டை மேற்கே இருப்பதைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், ஒரு கலயம் கஞ்சியும் குடித்தார். புதனன்று காலை அரியலூர் மருத்துவச்சி பெட்டியோடு வந்தார். பெண் குழந்தை. கிழக்குப் பக்கத்துப் பதிவேட்டில் ஒரு கேள்வியும் இல்லாமல் ஏறியது. ஓவர்சியர் தன் சட்டையைக் கழற்றி மடித்துக் குழந்தைக்குப் போட்டுவிட்டு, வெற்றுடம்பின் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போன கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கவலையும் சேர்ந்து வருகின்றன. அவருக்குச் சளி பிடிக்கும் உடம்பு.

கொட்டகை ஏழு மழைக்காலம் நின்றது. அவர் அதற்கு முன்பே மாற்றலாகிப் போனார். பிறகு போயே போனார். இன்று பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினால், தூணோரம் படுத்திருப்பவர்களை என் கண் தானாக எண்ணுகிறது. எண்ணியதை யாரிடம் சொல்வது என்பதுதான் தெரிவதில்லை. அப்போது சொல்ல அவர் இருந்தார்.

சமையல் கொட்டகைக்கான செலவுச் சீட்டை இரண்டு பக்கமும் அனுப்பினேன். சாப்பிடுகிறவர்கள் கிழக்கே இருப்பதால் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று மேற்குக்காரர்கள் திருப்பினார்கள். அடுப்பு மேற்கே இருப்பதால் தங்களுக்கு இல்லை என்று கிழக்குக்காரர்கள் திருப்பினார்கள். ஓவர்சியர் பாதி தருவதாகப் பிடிவாதம் பிடித்தார். அவருக்கு ஐந்து பிள்ளைகள். நான் அப்போது தனியாள். வாங்கவில்லை. மூங்கில், கீற்று, கயிறு, பெரிய பானை இரண்டு, வண்டிக் கூலி, எல்லாம் சேர்த்து என் கைக்காசு பதினேழு ரூபாய் மூன்றணா.