முதல் தேர்தலில் ஜெயித்தவர்

மழைக்காலத்தில் எங்கள் சேரியில் யாரும் சாகக்கூடாது. இடுகாட்டுக்குப் பாதை கிடையாது; நிலக்காரர் வயல் சேற்றில் இறங்கித்தான் பாடையைத் தூக்கிப் போகவேண்டும். "நெல்ல மெதிக்கிறானுங்க பாரு" என்று வரப்பிலிருந்து ஏச்சு வேறு. ஓர் ஐப்பசியில் என் அம்மாவையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். பாதி வயலில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. பாடை சரிந்து அம்மா சேற்றில் விழுந்தாள். பெண்பிள்ளை வரக்கூடாது என்று சொல்லியும் கேட்காமல் பின்னாலேயே போயிருந்தேன். அப்பா தன் வேட்டியால் அவள் முகத்தைத் துடைத்ததைப் பார்த்தேன். பாவி, ஏன்தான் போனேனோ!

அப்பா ஒலக்கூர்ப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். இரண்டாம் உலகப் போர் முடிந்து திண்டிவனம் தொகுதிக்குத் தேர்தல் வந்தபோது, எங்கள் ஜனத்துக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு நின்றார். கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிணம் போகப் பாதை.

அப்போது எங்களுக்கு இரண்டு தேர்தல். முதலில் எங்கள் ஜனம் மட்டும் ஓட்டுப் போட்டு நாலு பேரைப் பொறுக்கவேண்டும். பிறகு ஊரும் சேரியும் சேர்ந்து அந்த நாலு பேரில் ஒருவரை எடுக்கும். எங்களில் ஓட்டு இருந்ததே கொஞ்சம் பேருக்கு. வரி கட்டியவர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். நிற்கிறவர் ஒவ்வொருவருக்கும் தனி ஓட்டுப்பெட்டி; அவர்கள் அப்பாவின் பெட்டியைத் தேடிப் போட்டார்கள். அப்பாதான் முதலாவதாக வந்தார். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வறுத்து வீடு வீடாகக் கொடுத்தேன்.

மறுவாரம் நிலக்காரர் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். அவருக்குக் கோபமே இல்லை.

"வாத்யாரே, நீ நல்லவன்தான். ஆனா கேள்வி கேட்டுக்கினே இருக்கற. அதான் பேஜாரு," என்றாராம்.

இரண்டாம் தேர்தலில் அப்பா தோற்றார். ஊர் ஓட்டெல்லாம் அந்த நாலு பேரில் கூட்டேரிப்பட்டுக்காரர் ஒருவருக்கு விழுந்தது. எங்கள் ஜனம்தான், எழுதப் படிக்கத் தெரிந்தும் ஊராரின் நிலத்தில் கூலிக்குப் போகிறவர், அதிர்ந்து பேசாதவர். நாசமாய்ப் போவான் என்று வாய்விட்டே சபித்தேன்.

ஒருநாள் மத்தியானம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். புது வேட்டி, புதுத் துண்டு. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"கெலிச்சவன் நீ. போய்ப் பாதையக் கேளுடா தம்பி," என்றார் அப்பா.

"நான் வாயத் தொறந்தா எம் பொண்டாட்டி புள்ளிங்க ஊர்ல இருக்க முடியாதுண்ணா. பேசமாட்டேன்னுதான என்னை நிக்க வெச்சாங்க." அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "நானே உங்க பொட்டிலதாண்ணா போட்டேன். ரெண்டு தபாவும்."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"நீயும் எனக்குத்தான் போட்ட. அப்போ நம்ம ஜனத்துல எனக்குப் போடாதவன் யாருடா?"

வந்தவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவரைச் சபித்த எனக்கு, இனி யாரைச் சபிப்பது என்று தெரியவில்லை.