ஜமுக்காளத்தில் கண்ட உண்மை

ராஜாக்கமங்கலம் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் உடைய பூதலிங்கம், ஊரில் எந்தக் கேள்விக்கும் விடை வைத்திருப்பவர். ஐம்பத்தெட்டு வயதில் ஒரே ஒரு கேள்வி அவரைக் கவிழ்த்தது.

ஞாயிறுதோறும் பட்டணத்து ஜனம் காரில் வந்து, அனுமதி கேட்டு, அவர் தோப்பில் ஜமுக்காளம் விரிக்கிறது. எறும்பு கடிக்கக் கடிக்கச் சிரிக்கிறது. அவரும்தான் நாற்பது வருடமாக இதே எறும்புகளோடு வரப்பில் சாப்பிடுகிறார். சிரிப்பு வந்ததில்லை.

"உம்ம தோப்புல அப்பிடி என்ன எளவு வேய் இருக்கு?" என்று சீண்டினார் டீக்கடைக் கோலப்பன்.

"வாற ஞாயித்துக்கிழமை கண்டுபிடிச்சுச் சொல்லுகேன்."

வாக்குக் கொடுத்தாயிற்று. பெயர் காப்பாற்றப்பட வேண்டும்.

அந்த ஞாயிறு திருவனந்தபுரத்திலிருந்து ஸ்ரீகுமார், மனைவி ரஷ்மி, நண்பர் குடும்பங்கள். பூதலிங்கம் தென்னைமூட்டில் நின்று ஆராய்ந்தார். காற்றா? அது எல்லோருக்கும் பொது. சாப்பாடா? ஒரு வாய் வாங்கித் தின்றார்; எலுமிச்சைச் சோறு அடிப்பிடித்திருந்தது. அதற்குமேல் நின்று பார்க்க அவர் வளர்ந்த முறை இடம் கொடுக்கவில்லை. வீடு பக்கத்தில் இருக்க, வந்தவர்கள் தரையில் சாப்பிடுவதா? வம்படியாக எல்லோரையும் வீட்டுக்குள் இழுத்துவந்து, ஃபேன் போட்டு, மேசையில் இலை போட்டார்.

சிரிப்பு நின்றுவிட்டது. அதே ஆட்கள், அதே சோறு! பிள்ளைகள் போனை எடுத்தார்கள். ஆண்கள் நாற்காலியில் சாய்ந்தார்கள். ரஷ்மி பரிமாறக் கரண்டியோடு நின்றாள்.

அடுக்களை வாசலில் பூதலிங்கத்தின் மனைவி அழகியநாயகி அவர் காதைக் கடித்தாள்: "தோப்புல அவ காலை நீட்டி இருந்தா, அவ மாப்பிள்ளைலா சோறு விளம்பினாரு! இங்க பாத்தியளா? வரப்புக்குச் சோறு சுமந்தேனே, எனக்கு என்னைக்காவது சிரிப்பு வந்துதா?"

பூதலிங்கம் அடுக்களையிலிருந்த சாம்பார்வாளியைத் தூக்கிக்கொண்டு, எல்லோரையும் தோப்புக்கே திரும்ப நடத்தினார். அவரே விளம்பினார், பாதி சாம்பார் ஜமுக்காளத்துக்கு. கால் நீட்டியிருந்த அழகியநாயகி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் கடையில் கோலப்பன் விடவில்லை. "என்ன வேய், கண்டுபிடிச்சீரா?"

பெஞ்சு நிறைய ஆண்கள். சொன்னால், ஞாயிறு கரண்டி பிடித்த கதையும் சேர்ந்து வரும். பூதலிங்கம் கனைத்துக்கொண்டார்.

"காத்து வேய். உப்புக்காத்து."

பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கோலப்பன் மனைவி முத்துக்கனி களுக்கென்று சிரித்தாள்.

"அழகியநாயகி மைனி காலம்பறயே எல்லாம் சொல்லியாச்சு. வாற ஞாயித்துக்கிழமை கடை கெடையாது. நானும் ஜமுக்காளம் எடுத்து வச்சிருக்கேன்."