பழுப்புப் பட்டையில் வெட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான், உருமி அடிப்பவன். என் மனைவியின் தம்பி, கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, எங்கள் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்பவன். பம்பை அடிப்பவர், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பாடுகிற அக்கா, கையுறைத் தொழிற்சாலையில் நெடுநாள் இருப்பவர். அப்புறம் மச்சினனின் டேப்லட். அதையும் ஆள் கணக்கில் சேர்க்க வேண்டும். அன்று அதிகம் பேசியது அதுதான்.

லூனாஸ் என்கிற ஊரில் மச்சினன் வீடு. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். போன ஞாயிறு நாங்கள் அடித்ததையும் பாடியதையும் அவன் அதில் பதிந்து வைத்திருந்தான். அன்றைக்கு வெட்டி ஒட்டுகிற வேலை. அதற்கு நான் வரத் தேவையில்லை என்று போனில் சொன்னான். அதனால்தான் வந்தேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. திருவிழாவுக்கு முன்னால் சாமி பாட்டு ஒன்றைப் பதிவு செய்து கோயில் ஆட்களுக்கு அனுப்புவோம். அந்தப் பாட்டில் யாருடைய உருமி இருக்கிறதோ அவர்தான் அந்த வருடம் ரதத்துக்கு முன்னால் நின்று அடிப்பார். பதினோரு வருடமாக அந்த இடம் என்னுடையது.

இந்த வருடம் பயம் இருந்தது. எனக்குச் செம்பனைத் தோட்டத்தில் வேலை. குலை வெட்டும் நீளக் கம்பைத் தூக்கித் தூக்கி இடது கையில் மூன்று விரல் மரத்துப்போகிறது. திடீரென்று போகும், திடீரென்று வரும். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உருமியை அழ வைப்பது இடது கை. யாரிடமும் சொல்லவில்லை.

இன்னொன்றும் மனதில் இருந்தது. கோலா கெத்திலில் ஒரு குழுவில் ஒரு தவில்காரர். பாட்டு வெளிவந்தபோது அவர் அடித்த அடி ஒன்றுகூட அதில் இல்லை. டேப்லட்டுக்குள்ளேயே இருந்த ஏதோ ஒரு தவிலைப் போட்டுவிட்டார்கள். அந்த மனிதர் அது தெரியாமல் தன் மகள் கல்யாணத்தில் அதே பாட்டைப் போட்டு, நான் அடிச்சது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் மச்சினனுக்குப் பின்னால் போய் நின்றேன்.

"என்ன தம்பி, பரீட்சையில வாத்தியார் நிக்கிற மாதிரி நிக்கிற? உக்காரு லா" என்றார் அக்கா.

"பாக்கத்தான் வந்தேன்."

"பாத்தா சத்தம் தெரியுமாக்கும்."

உட்காரவில்லை.

திரையில் பட்டை பட்டையாக நிறங்கள். அக்கா குரல் பச்சை. பம்பை நீலம். உருமி பழுப்பு. அவன் இரண்டு விரலை வைத்து விரித்தால் பட்டை பெரிதாகிறது, ஒவ்வொரு அடியும் மலை மாதிரி எழுந்து நிற்கிறது. குவித்தால் சிறிதாகிறது. ஒரு விரலை அழுத்திப் பிடித்தால் சின்னக் கட்டம் ஒன்று குதித்து வருகிறது, உள்ளே இங்கிலீஷில் நாலைந்து சொல். அதில் ஒன்றைத் தொடுகிறான், ஏதோ நடக்கிறது. என்ன சொல்லைத் தொட்டான் என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது, அதுவும் தமிழ்.

காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான். அவன் கேட்பது எங்களுக்குக் கேட்கவில்லை. பச்சைப் பட்டையில் வேலை செய்யும்போது டேப்லட்டை மேசையில் படுக்க வைத்திருந்தான். பழுப்புக்கு வந்ததும் தூக்கி மடியில் சாய்த்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் போனது. திரும்பிப் பார்த்தான்.

"மாமா, முச்சந்திக் கடைல நாலு தே தாரிக் கட்டிட்டு வாங்களேன்."

"இப்பவா?"

"தாகமா இருக்கு மாமா."

அக்கா பக்கத்தில் தண்ணீர் போத்தல் முக்கால்வாசி இருந்தது. போக மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். புறப்படும்போது ஒன்று மட்டும் பார்த்து வைத்துக்கொண்டேன். பழுப்புப் பட்டை முனையிலிருந்து முனைவரை ஒரே துண்டாக இருந்தது.

தேநீரைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாங்கிக்கொண்டு சீக்கிரம் திரும்பினேன். முன்வாசலை விட்டுவிட்டு அடுப்படி வழியாக வந்தேன். மச்சினன் பார்க்கவில்லை. அவன் விரல் பழுப்பில் ஓர் இடத்தைத் தொட்டது. கத்தரிக்கோல் படம் வந்தது. பட்டை இரண்டானது. நடுவில் ஒரு துண்டை விரலாலேயே ஓரமாகத் தள்ளினான், அது காணாமல் போனது. அந்தக் காலி இடத்தில் வேறொரு துண்டை இழுத்து வந்து விட்டான். அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. பட்டை முழுக்கக் கரும்பு மாதிரி கணுக்கணுவாக இருந்தது.

தேயை மேசையில் வைத்தேன்.

"பாட்ட முழுசாப் போடு."

அவன் ஹெட்போனைக் கழற்றினான். பாட்டு ஓடியது. பம்பைக்காரர் தொடையில் தட்டினார். அக்கா தன் குரலைக் கேட்டுத் தலையாட்டினார். நான் உருமியை மட்டும் கேட்டேன். சுத்தமாக இருந்தது. எங்கேயும் திணறவில்லை.

"இது யாரு அடிச்சது?"

"நீங்கதான் மாமா."

"நான் இப்படி அடிக்கல."

பம்பைக்காரர் சிரித்தார். "நல்லாத்தானே இருக்கு அண்ணே. நல்லா இருக்குன்னு சண்டைக்கு நிக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்."

"உள்ள இருக்கிற உருமியப் போட்டுட்டான்."

"உள்ள உருமியே இல்ல மாமா" என்றான் மச்சினன். "பியானோ இருக்கு, தபேலா இருக்கு. வேணும்னா லிஸ்ட்டப் பாருங்க."

காட்டினான். எல்லாம் இங்கிலீஷ். படிக்கத் தெரியாதவனுக்குப் பட்டியல் காட்டுவது சுலபம்.

"என் பட்டைய மட்டும் போடு."

கொஞ்சம் யோசித்தான். பிறகு பழுப்பின் ஓரத்தில் இருந்த ஒரு எழுத்தைத் தொட்டான். அதைத் தொட்டால் மற்றப் பட்டைகள் வாயை மூடிக்கொள்ளும். உருமி தனியாக வந்தது.

பதிவு செய்த அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சேவல் ஒரு தடவை கூவியது. உடனே எழுந்து சன்னலைச் சாத்தினோம். அப்புறம் கூவவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, சாத்தியது நான்தான்.

உருமிக்குப் பின்னால் சன்னமாகச் சேவல் கூவியது. சரி என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தள்ளி மறுபடியும் கூவியது. அதே கூவல், அதே இழுப்பு. பாட்டு முடிவதற்குள் நாலு தடவை.

அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்னப்பா, சேவலும் நம்ம குழுவுல சேந்துருச்சா? அதுக்கும் சட்டை தைக்கணும்."

"மெஷின் உருமின்னீங்களே மாமா" என்றான் மச்சினன். "மெஷினுக்குள்ள நம்ம பக்கத்து வீட்டுச் சேவல் எப்படி வரும்?"

அவன் சொன்னது சரிதான். அடி என்னுடையது. நன்றாக விழுந்த துண்டை எடுத்து மற்ற இடங்களில் ஒட்டியிருந்தான். என் சந்தேகம் பாதி பொய்யாகிவிட்டது. மீதிப் பாதி பெரிதாகிவிட்டது.

"எதுக்கு ஒட்டுன?"

"அன்னைக்கு மைக்கு சரியில்ல."

பம்பைக்கும் அதே மைக்தான். பம்பைப் பட்டையில் ஒரு கணுவும் இல்லை. நான் நீலப் பட்டையைப் பார்ப்பதை அவன் கவனித்தான். அவன் கண் என் இடது கைக்குப் போய் உடனே திரும்பியது. நான் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நான் நின்றதைப் பார்த்தவள் என் மனைவி ஒருத்திதான்.

"ஒங்க அக்கா சொன்னாளா?"

"தே ஆறுது மாமா."

"சொன்னாளா இல்லையா?"

மற்ற இரண்டு பேரையும் பார்த்தேன். பம்பைக்காரர் தேப் பையின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைப்பேசியை எடுத்தார். இவர்களுக்கும் தெரியுமோ? தெரிந்துதான் சிரித்தார்களோ? என்னைத் தே வாங்க அனுப்பிவிட்டு மூன்று பேரும் கூடிப் பேசி வைத்திருந்தார்களோ? இதைக் கேட்க முடியாது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

பேசாமல் இருந்திருந்தால் பாட்டு போயிருக்கும். ரதத்துக்கு முன்னால் நானே நின்றிருப்பேன். ஆனால் ரோட்டில் டேப்லட் கிடையாது. காவடி தூக்கி அருள் வந்து ஆடுகிறவன் கண்ணை மூடிக்கொண்டு உருமியை நம்பித்தான் கால் வைக்கிறான். முதுகில் கொக்கி, தலைக்கு மேல் அத்தனை பாரம். அங்கே என் கை நின்றுபோனால் அவன் கால் எங்கே போகும்?

"ஒட்டுனத எல்லாம் எடு" என்றேன்.

"மாமா, வேணாம்."

"எடுக்க முடியுமா முடியாதா?"

"முடியும். பின்னால போற அம்பு இருக்கு. ஒரு தட்டுக்கு ஒண்ணு."

"தட்டு."

இந்தத் தடவை டேப்லட்டை மேசையில் படுக்க வைக்கச் சொன்னேன். அவன் மேலே இருந்த வளைந்த அம்பைத் தொட்டான். கடைசியாக ஒட்டிய துண்டு போய்ப் பழைய துண்டு வந்து உட்கார்ந்தது. மறுபடி தொட்டான். இன்னொன்று. வாய்க்குள் எண்ணிக்கொண்டேன். பதினேழு தட்டில் பட்டை பழையபடி ஒரே துண்டானது. அம்பு மங்கிவிட்டது. இதற்கு மேல் போகாது என்றான்.

"இப்ப என்னுத மட்டும் போடு."

போட்டான். முதல் அழைப்பு நன்றாக இருந்தது. சேவல் ஒரு தடவைதான் கூவியது. அதற்குப் பிறகு குச்சி வழுக்கியது. உருமி அழ ஆரம்பித்துப் பாதியில் தொண்டை அடைத்த மாதிரி நின்றது. திரும்பப் பிடித்தேன். மறுபடி வழுக்கியது. கடைசிவரைக்கும் அப்படியே. பம்பைக்காரர் தொடையில் தட்டவில்லை.

"எத்தனை நாளா அண்ணே?" என்றார்.

"தீபாவளியிலேருந்து."

"சொல்ல வேண்டியதுதானே."

"இப்பச் சொல்லிட்டேன். இந்த வருசம் முன்னால நிக்க வேற உருமிக்காரரப் பாருங்க. பாட்டுக்கும் அவரே அடிக்கட்டும்."

அக்கா கைப்பேசியைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லு தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போயி கையக் காட்டிட்டு அப்பறம் முடிவு பண்ணலாம் லா."

"கையக் காட்டுறேன். பாட்டு அதுவரைக்கும் நிக்காது."

யாரும் வற்புறுத்தவில்லை. அதையும் கவனித்தேன்.

பம்பைக்காரர் மச்சினனிடம் கேட்டார், எத்தனை இடத்தில் என் கை தவறியிருக்கிறது என்று. வேறு ஆள் வந்தால் எந்த இடமெல்லாம் பார்த்து அடிக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டதாகச் சொன்னார். பதினேழு என்றான் மச்சினன்.

அது அவன் வெட்டிய கணக்கு. பாட்டின் மூன்றாவது வரியிலும், பாட்டு முடிகிற இடத்திலும் இன்னும் இரண்டு இருந்தன. பம்பை சத்தம் மூடிக்கொண்டதால் அவனுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். தெரிந்தே விட்டிருக்கவும் கூடும். நான் கேட்கவில்லை. கணக்கை மட்டும் திருத்தினேன்.

பத்தொன்பது.