காருக்குள் ஒரு வாசற்படி

யுத்தம் முடிந்து பெட்ரோல் கிடைக்கத் தொடங்கியதும், அரியலூர்ப் பண்ணையார் கொட்டகையில் கிடந்த காரை வெளியே எடுத்தார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருந்த மரப்பலகையைக் கரையான் அரித்திருந்தது. தச்சனான என்னைக் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டை இடித்துக் கட்டியபோது கழற்றிப் போட்ட தேக்கு வாசற்படியை அறுத்துப் புதுப்பலகை செய்தேன். இழைக்க இழைக்க, எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் பூசிய மஞ்சள் மணந்தது. பதினைந்து நாள் அரக்கு மெருகு ஏற்றினேன். ஓடாத காரில் உட்கார்ந்து தேய்க்கும்போது மரத்தின் ரேகைகள் கொள்ளிடத் தண்ணீராய் நெளியும். நானும் மிதந்து போவேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அது எந்த மரம் என்று பண்ணையார் மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

“ஆசாரியாரே, நான் வலது காலெடுத்து வச்சு வந்த படியாச்சே!” என்றவர், மஞ்சளும் குங்குமமும் குழைத்து என் மெருகின் மேலேயே பொட்டு வைத்தார். ஈரம் பட்ட இடம் வெளுத்துப்போனது. தேய்த்தெடுத்துத் திரும்ப மெருகேற்றினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் பொட்டு.

“இது காருங்கம்மா, வூடு இல்லீங்க!” என்று குரலை உயர்த்தியே விட்டேன். அவர் சிரித்தார்.

கறையைத் தேய்க்கக் கோபத்தோடு காருக்குள் ஏறி உட்கார்ந்தேன். எப்போது கழற்றினேனோ, என் செருப்புகள் இரண்டும் வெளியே தரையில் கிடந்தன.