குத்தாத அலகு

தம்பிக்குச் சிகரெட் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். அது தவறு. அதனால் வந்த பழியை அம்மா சுமந்தபோது வாய் திறக்காமல் நின்றது அதைவிடப் பெரிய தவறு.

அப்போது நாங்கள் பண்டமாரானில் இருந்தோம். எனக்குப் பதினாறு வயது, தம்பிக்குப் பதினான்கு. பள்ளி விட்டதும் லோரிகள் நிறுத்தும் திடலுக்குப் பின்னால் ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றி இழுப்போம். வாடை தெரியாமலிருக்க நாக்குக்கு அடியில் கிராம்பை அடக்கிக்கொள்ளும் வித்தையையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தம்பிக்கு நாக்கின் ஓரம் வெந்து புண்ணானது. பல் துலக்கினால் ஈறிலிருந்து இரத்தம் வந்தது. வீட்டில் சொல்லாதே என்றேன், சொல்லவில்லை.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு அவன் நாக்கில் அலகு குத்துவதாக அம்மா வேண்டியிருந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது வலிப்பு வந்து பிழைத்தவன் அவன். வீடு முழுக்க விரதம். அம்மா தலைக்குக் குளித்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவார். தம்பிக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணே, விரதத்துல இழுக்கலாமா?"

"புகை என்ன சாப்பாடாடா? வயித்துக்குள்ள போனாத்தானே விரதம் கலையும்."

எனக்கு அப்போது அது நல்ல நியாயமாகவே பட்டது.

பத்துமலை ஆற்றங்கரையில் உறவினர்கள் சூழ்ந்து நிற்க, உறுமி முழங்க, அலகு குத்தும் பெரியவர் தம்பியை நாக்கை நீட்டச் சொன்னார். திருநீறு படிந்த விரல்களால் பிடித்துப் பார்த்தவர் கையை எடுத்துவிட்டார்.

"புண்ணு நாக்கும்மா. இதுல நான் குத்தமாட்டேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

உறுமி நின்றது. அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"ஏன்டி, தீட்டோட அடுப்படிக்குப் போனியா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"அப்புறம் புள்ள நாக்கு ஏன் வெந்து கெடக்கு? முருகன் சும்மாவா காட்டுவான்?"

அப்பா அம்மாவை முறைத்தார். நான் அவருடைய இடுப்பு வாரைப் பார்த்தேன். தம்பி அழுதான், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சில நாள் கழித்துப் பள்ளிக்கு வந்த பல் தாதி அவன் வாயைப் பார்த்ததும், "சிகரெட்டா?" என்று கேட்டார். புகைதான் புண்ணை ஆறவிடவில்லை, ஈறும் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார். அதையும் வீட்டில் மறைத்தோம்.

பிறகு உறவினர் வீட்டுப் பூசைகளில் அம்மா பால்குடத்தைத் தொட்டதில்லை. யாரும் தடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. "நீங்க உக்காருங்க" என்பார்கள். அம்மா ஓரமாக உட்கார்ந்து வாழையிலை துடைப்பார்.

தம்பி புகையை விட்டது, பல வருடம் கழித்து, கீழ்வரிசைப் பற்கள் முழுவதும் போன பிறகுதான். பிரிக்பீல்ட்ஸ் பல் மருத்துவரிடம் கடைசிப் பல்லை எடுத்துவிட்டுக் காரில் திரும்பும்போது, பஞ்சைக் கடித்தபடி, "அம்மாகிட்ட சொல்லிருவோம்ணே" என்றான்.

இந்த வருடம் அத்தை மகள் வீட்டுப் பூசையில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னேன். சிலர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"அந்தக் கதையெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, விடுங்க லா," என்றார் ஒரு மச்சான்.

அத்தை மகள் மட்டும் பால்குடத்தை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினாள்.

"மாமி, நீங்க தூக்குங்க."

அம்மா வாங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்க அத்தை கடைசியா முடியாம கெடந்தப்ப நான்தான் கஞ்சி கொண்டுபோனேன். என் கையால குடிக்கலடா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்."

அன்று ஆற்றங்கரையில், அப்பாவின் கோபம் தணியட்டும், பிறகு எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.