எல்லாம் பச்சை என்று சொன்னேன்

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் செயலி வந்ததே கரஸ்பாண்டன்ட்டின் மருமகனால்தான். அவருக்குத் துறைமுகத்தில் கிளியரிங் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் மாமனாரிடம், "கொழும்புல இருந்து வார கண்டெய்னர் எங்கன நிக்குதுன்னு போன்லயே பாத்துருதோம். நம்ம எல்கேஜி பிள்ளைய எங்கன நிக்குதுன்னு பாக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறார். மாமனாருக்கு மருமகன் சொன்னால் வேதவாக்கு. மறு வாரமே டீச்சர்மார் கையில் ஆளுக்கொரு போன்.

டீச்சர்மார் என்றால் நானும் இன்னொருத்தியும்தான். பெரியதாழைப் பக்கம் கடலை ஒட்டிய ஊர் அது. நான் சாத்தான்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறவள். பதினாறு வருஷமாக நாலு வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறேன். காலையில் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எனக்குப் போய் ஒரு போன் பாடம் எடுக்க வந்துவிட்டதா என்று பற்றிக்கொண்டு வந்தது.

செயலியில் பிள்ளைக்கு ஒரு பக்கம். 'பெயர் சொல்லி அழைத்தால் வருகிறாள்', 'இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சொன்னால் செய்கிறாள்', 'சிறு வாக்கியங்கள் பேசுகிறாள்' என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டிப் பிள்ளைக்கே ஒரு நிறம் கொடுத்துவிடும், மாம்பழத்துக்குக் கொடுக்கிற மாதிரி. அட கொடுமையே என்று தலையில் அடித்துக்கொண்டே போட்டேன். ஆனால் பொய்யாகப் போட்டதில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் போட்டேன்.

அந்த வகுப்பில் வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிற ஒருவரின் மகள் இருந்தாள். துறுதுறுவென்று இருப்பாள். வா என்றால் முதலில் வந்து நிற்பது அவள்தான். டம்ளரை எடுத்து அந்தப் பக்கம் வை என்றால் மற்றதுகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டு வருவாள். பேச்சுதான் குறைவு. ஒன்றிரண்டு சொல், அதுவும் குழறல். கூச்சம், போகப் போகச் சரியாகிவிடும் என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் போட்டேன். மற்றதெல்லாம் பச்சையாக இருந்ததால் பிள்ளையும் பச்சை.

இங்கே கரைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காற்று, அலை, எஞ்சின் சத்தம் எல்லாம் சேர்ந்து அடிக்கிற இடத்தில் வாயால் கூப்பிட்டு ஆகாது. வா, போ, கயிற்றைப் பிடி, மீன் பட்டதா, எல்லாமே கையால்தான் கேட்பார்கள். வீட்டுக்குள்ளும் அதே பழக்கம்தான். முதல் வருஷம் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, வெந்நீரும் மிளகுமாகத் திரிந்தவள் நான். பிறகு பிள்ளைகளின் தாய்மாரைப் பார்த்து நானும் கையை ஆட்டப் பழகினேன். இப்போது வாயைத் திறந்தால் கை தானாக எழுந்துவிடும். அது எனக்கே தெரியாது.

ஐப்பசி மழையில் ஒரு நாள், பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா தயங்கித் தயங்கி நின்றாள்.

"டீச்சர், இவளுக்குக் காது கேக்குமா? பின்னால இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமான்னு இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏளா, உம் மவ வகுப்புலயே கெட்டிக்காரி. கூப்பிட்ட உடனே வந்து நிக்கா. இங்கன பாரு" என்று போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். நாள் தவறாமல் நான் திட்டிக்கொண்டிருந்த அதே போனை! "எல்லாம் பச்சை. போ, போய் வேலையப் பாரு."

"அப்ப சரி டீச்சர்" என்று முகம் மலர்ந்து போனாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை.

பிள்ளைகளோடு நானும் யூகேஜிக்கு வந்து ஆடி மாதமும் பிறந்தது. செயலிக்குப் புதுக் கிறுக்கு பிடித்தது. இனிமேல் பச்சை போட்டால் போதாதாம், பிள்ளை அதைச் செய்வதை வீடியோ எடுத்துப் போட வேண்டுமாம். படம் ஆடினால் ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்பிவிடும். அதனால் இரண்டு கையாலும் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் எளிதாக முடியட்டும் என்று அவளைத்தான் நிறுத்தினேன்.

"செவப்புக் கிண்ணத்த எடுத்து சன்னல்ல வை."

அவள் அசையவில்லை. மறுபடியும் சொன்னேன். என்னையே பார்த்தாள். மூன்றாம் தரம் கத்தினேன். அவள் மெல்ல நடந்து வந்து, போனுக்குப் பின்னால் எட்டி, என் கைகளைப் பார்த்தாள்.

 போனை மேசையில் வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் போய் ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போட்டேன். வகுப்பே திரும்பியது. அவள் மற்றவர்கள் திரும்புவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். பாவி, ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்தப் பிள்ளை என் குரலைக் கேட்டே வரவில்லை. என் கையைப் பார்த்து வந்திருக்கிறது.

கரஸ்பாண்டன்ட்டிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "இப்ப செவப்பு போட்டா ஸ்கூல் ரிப்போர்ட் என்னத்துக்கு ஆகும் டீச்சர்? ரெண்டு மாசம் மஞ்சள்ல வச்சு, மெதுவா எறக்குவோம்" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் பஸ் ஏற்றித் தூத்துக்குடிக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்கவில்லை. மூன்று பேருக்கும் முறுக்கு வாங்கினேன்.

பிள்ளையின் காதில் கருவியை மாட்டி வெகு நேரம் சோதித்தார்கள். இரண்டு காதும் மிகவும் மோசம் என்றார் டாக்டரம்மா. காதுக்கு மெஷின் வைத்தால் கேட்கும், ஆனால் பேச்சு வருவதற்கு வயது வரம்பு உண்டு, ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்றார். பிறகு தாயைப் பார்த்து, "உனக்கு எப்பம்மா சந்தேகம் வந்துச்சு?" என்று கேட்டார்.

"போன ஐப்பசியில, டாக்டர்."

"அப்பவே ஏன் கூட்டிட்டு வரல?"

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "வேலையா இருந்துட்டேன்" என்றாள்.

"பெத்த பிள்ளையை விட என்னம்மா வேலை? ஒம்பது மாசத்தை வீணாக்கிட்டியே! இந்த டீச்சர் மட்டும் கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வரலைன்னா என்ன ஆயிருக்கும்?" டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்படி ஒரு மரியாதையை என் உத்தியோகத்தில் நான் பார்த்ததில்லை.

பேச வாயெடுத்தேன். மேசைக்குக் கீழே அந்தத் தாய் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், வேண்டாம் என்று. அவள் பிடியை விலக்கினேன்.

"அவ அன்னைக்கே எங்கிட்ட வந்து கேட்டா டாக்டர். நல்லாத்தான் கேக்குதுன்னு நாந்தான் திருப்பி அனுப்புனேன்."

டாக்டரம்மா சீட்டில் எழுதத் தொடங்கினார். அந்தத் தாய் குலுங்கி அழுதாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. மடியில் இருந்த பிள்ளை எங்கள் மூன்று பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு அம்மாவின் கையைத் தூக்கி, என்ன என்று தன் கையால் கேட்டது.