தள்ளி விழுந்த சசியும் தள்ளாத ராஜனும்

சாட்சி மலையாளம் பேசினாள்

“சசி அண்ணன் தள்ளி வீணு” என்று மேரி சாட்சிக் கூண்டில் நின்று சொன்னபோது, மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் இருந்த எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வராந்தாவில் வைத்து அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். “தமிழ்ல மட்டும் பேசு மக்கா. மலையாளத்துல சொல்லுகதுக்கு நான் உண்டு.” அவளும் தலையாட்டினாள். நீதிபதியைப் பார்த்த மாத்திரத்தில் மரியாதைக்காக ‘விழுந்தாரு’வை ‘வீணு’ ஆக்கி மலையாளத்துக்குத் தாவிவிட்டாள்.

அரசு வக்கீலுக்கு வாயெல்லாம் பல். “கேட்டில்லே? தள்ளி என்னு சாட்சி தன்னெ பறஞ்ஞு” என்றார். தள்ளியதாகச் சாட்சியே சொல்லிவிட்டாள் என்கிறார்.

நான் எழுந்தேன். சாட்சி தமிழில் சொல்ல வேண்டும், அதை நான் மலையாளத்தில் சொல்கிறேன் என்றேன். அரசு வக்கீல் சலித்துக்கொண்டார். இங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியும், அவரே தமிழ்ப் படம் ஒன்று விடாமல் பார்க்கிறவர், மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்றார். கேரள எல்லையில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ‘எனக்குத் தமிழ் தெரியும்’ என்ற இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. உதியன்குளங்கரையில் என் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லுவார்.

கடற்கரையில் நடந்தது

வழக்கு இதுதான். பொழியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றதில் வள்ளம் ஏற்றிவைக்க இடம் குறைந்துபோனது. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களான ராஜனுக்கும் சசிக்கும் அதில் வாய்த்தகராறு. ஒருநாள் காலையில் இருவரும் கடல்சுவர்க் கல்லின்மேல் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது சசி கீழே விழுந்தார். தலையில் அடி. பிழைத்துக்கொண்டார், ஆனால் அன்றைய நாள் அவர் நினைவில் இல்லை. பார்த்தவள் மேரி ஒருத்திதான். அவள் நெல்லைக் கடற்கரையில் பிறந்து, அப்போதுதான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள்.

போலீஸ் எழுதிய வாக்குமூலத்தில் அவள் சொன்னதாக இருந்தது: ‘ராஜன் தள்ளி. சசி வீணு.’ அந்த இரண்டு வரியால் ராஜன் கைதாகி, ஜாமீனில் வந்து, வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். தண்டனை கிடைத்தால் ஜெயில்.

நீதிபதி சம்மதித்ததும் நான் மேரியிடம், “என்ன பாத்த? தமிழ்ல சொல்லு” என்றேன்.

“சசி அண்ணனுக்குக் காலு வழுக்கிட்டு. ராசன் அண்ணன் நின்ன எடத்துலருந்து தள்ளி விழுந்தாரு.”

“தள்ளுனது யாரு?”

“யாரும் தள்ளலையே. நான் எப்ப அப்படிச் சொன்னேன்?”

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். சாட்சி பிறழ்ந்துவிட்டாள், எதிர்த் தரப்பு அவளை மாற்றிவிட்டது என்றார். மேரிக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்லாதவளைப் பொய்க்காரி என்கிறார்கள், அதுவும் அவளுக்குப் பாதி புரிந்த மொழியில்.

வகுப்பு வேண்டாம்

நீதிபதி என்னைப் பார்த்தார். “தள்ளி என்று அன்றும் சொன்னாள், இன்றும் சொல்கிறாள். இதில் என்ன வித்தியாசம்? சுருக்கமாகச் சொல்லுங்கள், வகுப்பு வேண்டாம்.”

மொழியியலில் எம்.ஏ. படித்தவளிடம் வகுப்பு வேண்டாம் என்றால் எப்படி? சுருக்கமாகத்தான் சொன்னேன். மேரி சொல்லும்போது ‘தள்ளி விழுந்தாரு’ ஒரே மூச்சில் வருகிறது, நடுவில் நிறுத்தம் இல்லை. எழுதியவர் நடுவில் புள்ளி வைத்திருக்கிறார். ஒலியைக் கவனிக்கிற ஒலியியல் தெரிந்தவர் அதை வைக்கமாட்டார். அடுத்தது, மலையாளத்தில் ‘தள்ளி’ என்றால் வினை முடிந்துவிட்டது. தள்ளினான், தள்ளினாள், தள்ளினேன் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றே போதும். தமிழில் முடிய வேண்டுமானால் வினையின் வாலில் ஆன், ஆள், ஏன் என்று ஏதாவது ஒட்ட வேண்டும். மேரி ‘தள்ளினாரு’ என்று சொல்லவில்லை. ‘எடத்துலருந்து’ என்பதில் இருந்த ‘இலிருந்து’ம் எழுதியவர் கையில் காணாமல் போயிருக்கிறது. சொல்லுக்குள் இருக்கும் இந்தச் சின்னத் துண்டுகளைப் பார்ப்பது உருபனியல்.

“சரி” என்றார் நீதிபதி, சரியில்லாத குரலில்.

நான் விடவில்லை. தமிழில் ‘தள்ளி’ அடுத்த வினையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விழுந்தது சசி என்றால் தள்ளியதும் சசியாகத்தான் இருக்க முடியும், ராஜனுக்கு அங்கே இடமில்லை. இது தொடரியல். அப்படியானால் சசி யாரைத் தள்ளினார்? யாரையும் இல்லை. இங்கே ‘தள்ளி’ என்றால் சற்று விலகி, எட்ட என்று அர்த்தம். இது பொருண்மையியல்.

“மேடத்துக்கு ஒரு கரும்பலகை கொண்டுவரச் சொல்லணுமா?” என்று அரசு வக்கீல் மலையாளத்தில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். டைப்பிஸ்ட்கூடச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ராஜன் மட்டும் சிரிக்கவில்லை.

என்ன கேட்டார்கள்?

அந்தச் சிரிப்பில் எரிச்சலாகி உட்காரப் போனபோதுதான், நான் விட்டுவிட்டது உறைத்தது. இவ்வளவு நேரமும் பதிலையே துருவிக்கொண்டிருக்கிறோம். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில்? யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசினார்கள் என்று பார்ப்பது பயன்வழியியல். பரீட்சைக்குப் படித்ததோடு மறந்திருந்தேன். கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லை. நீதிபதியிடம் அனுமதி கேட்டேன். அவரே கேட்டார், நான் தமிழில் சொன்னேன்.

“போலீஸ்காரர் உங்ககிட்ட என்ன கேட்டாரு?”

“எங்கன விழுந்தான்னு கேட்டாரு.”

“அப்படின்னா?”

“எந்த எடத்துலன்னு. அதான் தள்ளி விழுந்தாருன்னு சொன்னேன்.”

அரசு வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். மலையாளத்தில் ‘எங்ஙனே’ என்றால் எப்படி. நெல்லைக்காரி மேரியின் ஊரில் ‘எங்கன’ என்றால் எங்கே. அவர் ‘எப்படி’ என்று கேட்டார், இவள் ‘எங்கே’ என்பதற்குப் பதில் சொன்னாள், அந்தப் பதில் அவர் காதில் ‘தள்ளினான்’ என்று விழுந்தது. அடுத்த வாய்தாவில் அந்தப் போலீஸ்காரரும் வந்து, “எங்ஙனே வீணு” என்றுதான் கேட்டதாக ஒப்புக்கொண்டார். அவரும் நல்ல மனிதர்தான். தமக்குத் தமிழ் தெரியும் என்று நம்பியிருந்தார், அவ்வளவுதான்.

ராஜன் விடுதலையானார்.

தீர்ப்பன்று சசியின் மனைவி லீலா வராந்தாவில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அப்பம் ஆரும் தள்ளலியா?”

“இல்ல லீலா. வழுக்கித்தான் விழுந்திருக்காரு.”

“ஸ்டேஷன்ல வாசிச்சுக் கேட்டப்பம் எனக்கு நல்லா மனசிலாச்சே. ராஜன் தள்ளினான்னுதானே உண்டு? நான் அவனுக்க பிள்ளையளக்கூட முற்றத்துல ஏத்தலியே.” வாசல் பக்கம் திரும்பினாள். அங்கே ராஜன் மனைவியோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார். “இனி நான் ஆருக்க மேல கோவப்படணும்?”

அவள் விறுவிறுவென்று நடந்து போய் அந்த ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ராஜனின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டது மட்டும் தெரிந்தது. ஆனால் ஆட்டோ உடனே கிளம்பவில்லை. ராஜன் இறங்கி முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார், லீலா பின்னால் ஏறினாள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மொழி தெரியாதவர்களால் எனக்குப் பெரிய தொந்தரவு வந்ததில்லை, புரியாவிட்டால் அவர்கள் கேட்டுவிடுவார்கள். இரண்டு மொழியும் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். நாமும் அந்தக் கூட்டம்தான். அதனால் யார் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பதிலை எழுதுவதற்கு முன்னால் கேள்வியை எழுதிக்கொள்ளுங்கள்.